பதினொரு முனியாண்டிகள்

நோர்வூட்டிலிருந்து மூன்று மைல் மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஆராய்ச்சி நிலையம் என்று பலகை மாட்டிய தகரக் கொட்டகைக்கு டொக்டர் இராஜகுமாரி வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே வயிற்றுவலி என்று ஏழு பேர் வாசலில் வந்து நின்றார்கள். தான் பூச்சிகளைப் பற்றிப் படித்த டொக்டர், மனிதருக்கு மருந்து கொடுக்கிற டொக்டர் இல்லை என்று ஏழு பேருக்கும் தனித்தனியாகச் சொல்லி அனுப்பினாள். ஏழாவது ஆள் படியிறங்கும்போது, "பூச்சிக்கு டாக்டராம்டா. குடுத்து வச்ச பூச்சி" என்று சொல்லிக்கொண்டு போனது அவள் காதில் விழுந்தது.

அது 1960ஆம் ஆண்டு. அப்போது அவளுக்கு முப்பத்துமூன்று வயது. சொந்த ஊர் கரவெட்டி. லண்டனில் பட்டம் முடித்துத் திரும்பியவளை, நேர்த்திக்கடன் இருக்கிறது என்று விமான நிலையத்திலிருந்து நேரே கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். தான் நான்கு வருடம் கண்விழித்துப் படித்ததற்கு ஒரு கற்சிலைக்கு நன்றி சொல்ல வேண்டுமா என்று கேட்டு, அவள் வாசலிலேயே நின்றுகொண்டாள். அதற்குப் பிறகு வீட்டில் அவளோடு அதிகம் பேச்சில்லை. அவளுக்கும் பேச ஆசையில்லை. கடவுளிடம் வேலை கேட்கிறவர்களையும், அமைச்சரிடம் வேலை கேட்கிறவர்களையும் அவள் ஒரே தட்டில் வைத்திருந்தாள். இந்தத் தீவில் யோசிக்கத் தெரிந்த ஆள் ஒருத்திதான், அந்த ஒருத்தியைக் கொண்டுவந்து மலையில் போட்டிருக்கிறார்கள் என்பது அவளுடைய எண்ணம்.

தோட்டத்தின் சிக்கல் ஒரு புழு. தேயிலை இலையை நூலால் இழுத்துச் சுருட்டி, அதற்குள் படுத்துக்கொண்டு தின்னும் பச்சைப் புழு. அதைக் கொல்ல நான்கு வருடமாக ஒரு நஞ்சைத் தெளித்துக்கொண்டிருந்தார்கள். தொழிலாளர்கள் அதை மருந்து என்றார்கள், தோட்டத்தை நடத்தும் பெரிய துரையும் மருந்து என்றார், அமைச்சின் சுற்றறிக்கையும் மருந்து என்றே எழுதியது. முதல் வருடம் புழு ஒழிந்தது. இரண்டாம் வருடம் பாதி ஒழிந்தது. 1962இல் தோட்டத்தின் பதினொரு மலைகளிலும் கொழுந்து காய்ந்து சுருண்டு கிடந்தது.

ஏன் என்று இராஜகுமாரிக்குத் தெரியும். நஞ்சுக்குச் சாகிற புழுக்கள் செத்துவிட்டன. சாகாத ஒன்றிரண்டு பெற்ற பிள்ளைகள்தான் இப்போது தின்றுகொண்டிருந்தன. இதை அவள் மூன்று அறிக்கைகளில் எழுதியிருந்தாள். மூன்றுக்கும், கிடைத்தது என்று ஒரு வரிப் பதில் வந்தது. கடைசியாக, விசாரிக்க மூவர் குழு ஒன்று வரும் என்று கடிதம் வந்தது. வருகிறவர்களுக்குக் காட்டக் கண்ணுக்குத் தெரிகிற சான்று ஒன்று வேண்டும் என்று அவள் மலை மலையாக ஏறி இறங்கினாள்.

ஏழாம் நம்பர் மலையில், ஓடைக்குப் பக்கத்தில், காய்ந்த தேயிலைக்கு நடுவே கால் ஏக்கர் மட்டும் பச்சையாக இருந்தது. அதன் நடுவில் ஒரு மரம், மரத்தடியில் குங்குமம் அப்பிய ஒரு கல், ஒரு சூலம். கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தவர் மாயாண்டி. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலைக்குக் கங்காணி, அந்த முனியாண்டிக்குப் பூசாரி.

"இந்தத் துண்டுக்கு மருந்து அடிக்கேல்லையோ?" என்று கேட்டாள்.

"இல்லிங்கம்மா. முனி ஒத்துக்கல."

"முனி ஆரிட்டச் சொன்னது?"

"சொல்லலிங்க. அடிச்சிருச்சு" என்றார் மாயாண்டி. "அழகுமுத்துன்னு ஒரு பய. பம்ப முதுகுல மாட்டிக்கிட்டு இந்தக் கல்லுக்கிட்ட வந்தான். வெட்டு வெட்டுன்னு இழுத்துச்சு பாருங்க, கையும் காலும். வாயில நொரை. நாலு பேரு புடிச்சும் அடங்கல. அன்னையிலேருந்து இந்தப் பக்கம் பம்பு வர்றதில்ல."

"வைத்தியரிட்டக் காட்டினீங்களோ?"

"தோட்டத்து டாக்டரையா பாத்தாரு. காக்கா வலிப்புன்னு எழுதிட்டாரு."

இராஜகுமாரிக்குச் சிரிப்பு வந்தது. நூற்றுக்கணக்கான ஏக்கரில் நான்கு வருடம் நஞ்சு படாத ஒரே நிலம், ஒரு கல்லுக்குப் பயந்த கூட்டத்தால் மிஞ்சியிருக்கிறது! முட்டாள்தனத்துக்கும் ஒரு பயன் இருக்கத்தான் செய்கிறது என்று நினைத்தபடி சுருண்ட இலைகளைப் பறித்துப் பிரித்துப் பார்த்தாள். பாதிக்கு மேற்பட்ட புழுக்கள் செத்து வெறும் தோலாகக் கிடந்தன. பக்கத்தில் அரிசியை விடச் சின்னதாய் வெள்ளைக் கூடுகள். ஒரு கூட்டைக் கிழித்துக்கொண்டு, எறும்பை விட மெல்லிய ஒரு குளவி வெளியே வந்து இறக்கையை உதறியது. புழுவின் உடம்புக்குள் முட்டையிட்டு, அதைத் தின்று வளர்கிற குளவி. மற்றப் பத்து மலையிலும் அவள் ஒன்றைக்கூடக் கண்டதில்லை. நஞ்சு எதிரியை விட்டுவிட்டுக் காவல்காரனைக் கொன்றிருக்கிறது.

சந்தோஷத்தில் அவள் ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். பாதி வழியில் கால் நின்றது. கையும் காலும் இழுத்தது, வாயில் நுரை. அந்த வகை நஞ்சு தோல் வழியாக ஏறும், நரம்பைத் தாக்கும், வலிப்பை உண்டாக்கும் என்று ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் இருந்தது. கொட்டகைக்குப் போய் அலுமாரியைத் திறந்து அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். இரண்டு வருடத்துக்கு முன்பே அதைப் படித்து, அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடும் போட்டிருந்தாள்.

மறுநாள் தொழிலாளர் குடியிருக்கும் பணிய லயத்துக்குப் போனாள். தோட்டத்துக்கு வந்த இரண்டு வருடத்தில் அவள் லயத்துக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அழகுமுத்து தன் ஒற்றையறைக் காம்பராவுக்கு வெளியே குந்தியிருந்தான். முப்பது வயதிருக்கும். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தும் அது ஆடியது. அவன் மனைவி வேலாயி கொழுந்துக் கூடையோடு வந்து நின்று, விருந்தாளியை மேலும் கீழும் பார்த்தாள்.

"மருந்து அடிக்கேக்க கையில உறை போட்டனீங்களோ?"

"ஒறையா? அப்படின்னா?" என்றான் அழகுமுத்து.

"சத்தி எடுத்தனீங்களோ?"

அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாந்தி" என்று திருத்தினாள் இராஜகுமாரி.

"வாந்தி தினமுந்தான்" என்றாள் வேலாயி. "இவரு மட்டுமா? பம்பு தூக்குன எல்லாருந்தான். மேல் லயத்துச் செல்லசாமிக்கு ரெண்டு தடவ இழுத்துச்சு. கணேசபுரத்தான் ஒருத்தன் இழுத்துச் செத்தே போனான். அதையுங் காக்கா வலிப்புன்னுதான் எழுதுனாங்க."

"ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல?"

வேலாயி கூடையைக் கீழே வைத்தாள். "நீங்க எங்கம்மா கேட்டீங்க? ரெண்டு வருசமா மலைக்கு வர்றீங்க. ஒவ்வொரு இலையாப் பிரிச்சுப் பிரிச்சு, செத்த புழு எத்தன, சாகாத புழு எத்தனன்னு புஸ்தகத்துல எழுதிக்கிறீங்க. பம்பு தூக்குறவன் உங்க முன்னாடியேதான் நடந்து போனான். அவன ஒரு தடவ நிமுந்து பாத்தீங்களா?"

அந்தப் பேச்சுக்கு இராஜகுமாரியால் கோபப்பட முடியவில்லை. அன்று பின்னேரம் வரை லயம் லயமாகப் போய் விசாரித்தாள். வலிப்பு வந்தவர்கள் பன்னிரண்டு பேர், அதில் செத்தவர்கள் இருவர். பெயர்களையும் நாட்களையும் எழுதி அறிக்கையில் புதிதாக ஒரு பக்கம் சேர்த்தாள். எழுதும்போது அவளுக்குத் தன்மேலேயே வந்த வெறுப்பு, அதுவரை மற்றவர்கள்மேல் வைத்திருந்த வெறுப்புக்குக் கொஞ்சமும் குறைந்ததாக இல்லை.

குழு பெரிய துரையின் பங்களாவில் கூடியது. தலைவர் சிவபாதம், அமைச்சில் உதவிச் செயலாளர். நெற்றியில் மூன்று கோடு விபூதி, கோட்டுப் பையில் பேனை மூன்று. இரண்டாமவர் ஓய்வுபெற்ற கல்லூரி அதிபரான ஒரு பாதிரியார். மூன்றாமவர் பெரிய துரையேதான். தன் தோட்டத்தை விசாரிக்கும் குழுவில் தானே உட்கார்ந்திருப்பதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை.

கூட்டம் தொடங்குமுன் சிவபாதம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீர் எவடம் பிள்ளை?"

"கரவெட்டி."

"கரவெட்டியில எந்தப் பக்கம்? தகப்பன்ர பேர் என்ன?"

அவர் எதைச் சலித்துப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியும். தகப்பன் பெயரைச் சொன்னாள். அவர் மனசுக்குள் எதையோ தேடி எடுத்துத் திருப்தியோடு தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் இருக்கச் சொன்னார். பூச்சிகளை இப்படி வகைப்படுத்தினால் முதலாம் வருடப் பரீட்சையிலேயே சித்தியடைய விட மாட்டார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மேசையில் இரண்டு கண்ணாடிப் போத்தல்களை வைத்தாள். ஒன்றில் ஐந்தாம் நம்பர் மலைப் புழுக்கள், மற்றதில் முனியாண்டிக் கல்லடிப் புழுக்கள். இரண்டுக்கும் முதல்நாள் காலை ஒரே அளவு நஞ்சு கொடுத்திருந்தாள். கல்லடிப் புழுக்கள் எல்லாம் செத்துக் கறுத்துக் கிடந்தன. ஐந்தாம் மலைப் புழுக்கள் இலையைத் தின்றுகொண்டிருந்தன.

"நாலு வருடத்தில் இந்தப் புழு இருபத்துநாலு தலைமுறை கண்டுவிட்டது" என்று ஆங்கிலத்தில் விளக்கினாள். "மனிதக் கணக்கில் அறுநூறு வருடம். ஒவ்வொரு தடவையும் பலவீனமானவற்றை நாம் கொன்றோம், பலமானவற்றைப் பெருக விட்டோம். நல்ல பசுவைத் தேர்ந்து வளர்க்கிறவன் செய்வது எதுவோ, அதையே புழுவுக்குச் செய்திருக்கிறோம். பரிணாமம் இந்தப் போத்தலுக்குள் நடந்துகொண்டிருக்கிறது. நீங்கள் பார்க்கலாம்."

பாதிரியார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து குனிந்து பார்த்தார். "ஆனால் புழு இன்னும் புழுவாகத்தானே இருக்கிறது? குருவியாக மாறவில்லையே?"

"குருவியாக மாற வேண்டிய தேவை அதற்கு இல்லை. நஞ்சைத் தின்று உயிரோடிருந்தால் போதும்."

"பரிணாமம் என்பது ஒரு கருத்து மட்டும்தான்" என்றார் சிவபாதம். "அது எந்தச் சமயத்துக்கும் ஒத்துவராது. உயிர்களுக்கு இந்தந்த உடம்பு என்று வினைப்படி அமைந்தது. பாதிரியார் அதை வேறு விதமாகச் சொல்லுவார். எதிர்க்கட்சியில் ஒருவர் எழும்பி, குரங்கிலிருந்து வந்தவர்களா அரசாங்கத்தின் தேயிலைக் கொள்கையை வகுத்தது என்று கேட்டால் அமைச்சர் என்ன பதில் சொல்வது?"

நூறு வருடமாகச் சைவமும் கிறிஸ்தவ வேதமும் பள்ளிக்கூடங்களுக்காக அடித்துக்கொண்ட நாடு இது. இரண்டும் தோளில் கைபோட்டு நிற்க ஒரு புழு தேவைப்பட்டிருக்கிறது. இராஜகுமாரி பல்லைக் கடித்துக்கொண்டு குளவியைப் பற்றிச் சொன்னாள். தெளிப்பதை நிறுத்தினால் கல்லடியிலிருந்து குளவிகள் பரவி இரண்டு வருடத்தில் புழுவை அடக்கிவிடும் என்றாள்.

அதுவரை சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த பெரிய துரை போத்தலைக் கையில் எடுத்தார். "சாகவில்லை என்றால் அளவு போதவில்லை என்றுதானே அர்த்தம்? இரண்டு மடங்காக அடித்தால் என்ன?"

மூன்று முகங்களிலும் ஒரு நிம்மதி படர்ந்ததை அவள் பார்த்தாள். ஒரு வகுப்பு முழுவதும் விடை பிழையாகச் சொல்லிவிட்டு ஒன்றாய்ச் சந்தோஷப்படுவதைப் போலிருந்தது. இரட்டிப்பு அளவு என்று சிவபாதம் எழுதிக்கொண்டார். ஏழாம் மலையின் கால் ஏக்கரையும் சேர்த்தே அடிக்க வேண்டும், கொள்கை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றும் எழுதிக்கொண்டார்.

"பன்னிரண்டு பேருக்கு வலிப்பு வந்த பக்கம் இருக்கிறது. இரண்டு பேர் செத்திருக்கிறார்கள்" என்றாள் அவள்.

"நீர் மருத்துவர் இல்லையே" என்றார் சிவபாதம். "மருத்துவச் சான்றிதழில் காக்காய் வலிப்பு என்று இருக்கிறது. அதுவும் தவிர, இந்த ஆட்கள் இந்த நாட்டுப் பிரஜைகளா, இந்தியப் பிரஜைகளா என்றே இன்னும் முடிவாகவில்லை. அவர்களுடைய வாக்குமூலத்தை எந்த நாட்டுக் கோப்பில் சேர்ப்பது?" அந்தப் பக்கத்தை அறிக்கையிலிருந்து மெதுவாகக் கழற்றி, மடித்து, அவளிடமே திருப்பிக் கொடுத்தார். தேத்தண்ணி வந்தது. கொழுந்து நன்றாக இருக்கிறது என்று பாதிரியார் பாராட்டினார்.

அடுத்த வாரம் ஒரு நாள் விடியற்காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெரிய துரை உத்தரவை வாசித்தார். இரட்டிப்பு மருந்து, முதலில் ஏழாம் நம்பர் மலை, முனியாண்டிக் கல்லடி. பம்பு தூக்க வேண்டிய எட்டுப் பேரும் அசையவில்லை. அவர்களுக்குப் பின்னால் கொழுந்தெடுக்கிற பெண்களும் கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். விஷயம் தெரிந்து இராஜகுமாரியும் வந்திருந்தாள். அவளே முன்னே போய் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: இது மருந்தில்லை, நஞ்சு. தோலில் பட்டால் நரம்பைத் தாக்கும். அழகுமுத்துவை அடித்தது முனியில்லை, பம்புக்குள் இருந்ததுதான். இலையைத் தின்கிற புழுவைக் கொல்லக் குளவி இருக்கிறது, இந்த நஞ்சு அந்தக் குளவியையும் கொல்லும்.

செல்லசாமி மட்டும், "அந்தக் குளவி எங்க இருக்கு, ஓடப் பக்கமாங்க?" என்று கேட்டான். குழுவில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி.

துரை ஆங்கிலத்தில் அவளிடம் சொன்னார்: "உடம்புக்குக் கேடு என்று வேலைக்குப் போகாவிட்டால் அது ஒழுங்கீனம். டொக்டர் சான்றிதழ் வேண்டும், நீ பூச்சி டொக்டர். எட்டுப் பேரின் பேரையும் இன்றைக்கே வெட்டுவேன். ஆனால் சாமி விஷயம் என்றால் வேறு. வழிபாட்டு இடங்களில் தொழிலாளர் விருப்பத்துக்கு மாறாக வேலை வாங்கக் கூடாது என்று சுற்றறிக்கை இருக்கிறது. அதை மீறி நான் பொலிஸ், அரசாங்க அதிபரின் கச்சேரி என்று அலைய முடியாது. இது எது? உடம்பா, சாமியா?"

அவள் அதைத் தமிழில் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் வேலாயி முன்னுக்கு வந்துவிட்டாள்.

"சாமி குத்தம் ஆயிரும் தொரை! முனி சும்மா விடாது. கண்டாக்கையா, டீமேக்கரு, தொரைன்னு பாக்காது. வரிசையா அடிக்கும்!"

சத்தமாகச் சொன்னாளே தவிர, கண் முழுதும் இராஜகுமாரிமேல் இருந்தது. நீ படித்த படிப்புக்கு இங்கே விலை இதுதான் என்று அந்தக் கண் சொன்னது. துரை ஒரு காகிதத்தை நீட்டினார். இது தொழிலாளரின் ஆழ்ந்த சமய நம்பிக்கை என்று ஆராய்ச்சி அதிகாரி எழுதித் தர வேண்டும், கோப்புக்குத் தேவை. கோயில் வாசலில் காலை வைக்க மறுத்த இராஜகுமாரி, பெரட்டுக் களத்து மதிலில் காகிதத்தை வைத்து அதை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போடாவிட்டால் எட்டுப் பேருக்கு வேலை போகும்.

மூன்றாம் நாள் வேலாயியும் மாயாண்டியும் கொட்டகைக்கு வந்தார்கள்.

"ஒரு மலைக்குத்தானே சாமி இருக்கு? மத்த பத்து மலைக்கும் அடிக்கத்தான் போறாங்க" என்றாள் வேலாயி. "பத்துக் கல்லு பாத்து வச்சிருக்கோம். எங்க நட்டா ஒங்க குளவிக்குத் தோதுன்னு நீங்க சொல்லணும்."

இராஜகுமாரி அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு தோட்டத்தின் படத்தை மேசையில் விரித்தாள். காற்று எந்தப் பக்கம், நிழல் எங்கே, ஓடை எங்கே என்று பார்த்துப் பார்த்துப் பத்துப் புள்ளி வைத்தாள். மாயாண்டி மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"என்னங்கம்மா இது? பொய்க்குச் சாமி நடலாமா?"

"பின்ன என்ன செய்யிறது?"

அவர் படத்திலிருந்த புள்ளிகளை எண்ணிப் பார்த்தார். "மொறையா நட்டுருவோம். ஒவ்வொண்ணுக்கும் பூச போட்டு, சேவல் அறுத்து, நானே கூப்புட்டு எறக்கி வைக்கிறேன். அப்பொறம் அது பொய்யில்ல, சாமிதான்."

அப்படியே செய்தார். பத்து மலையிலும் பத்துச் சேவல். அந்தக் கணக்கில் வேலாயிக்கு அது தந்திரம், மாயாண்டிக்கு அது தெய்வம். தோட்டத்தில் பொய் சொன்னது தான் ஒருத்திதான் என்று இராஜகுமாரிக்கு விளங்கியது. துரை பத்துக் கல்லையும் பார்த்தார், கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார், சுற்றறிக்கையை மறுபடி வாசித்தார். கல்லடி மட்டுந்தான் விலக்கு என்று அவர் சொல்ல, முனி மலை முழுக்க நடமாடும் என்று மாயாண்டி சொல்ல, வாதம் ஒரு மாதம் நடந்து ஓய்ந்தது. நஞ்சுப் பீப்பாய்கள் ஸ்டோருக்குப் பின்னால் துருப்பிடித்தன.

இராஜகுமாரி ஏழாம் மலைக் கல்லடியிலிருந்து கூடு ஒட்டிய இலைகளைக் கூடை கூடையாகக் கொண்டுபோய் மற்றக் கற்களைச் சுற்றிப் போட்டாள். பெண்களும் போட்டார்கள். ஆறு மாதத்தில் குளவி பத்து மலையிலும் தெரிந்தது. 1964 நடுவில் கொழுந்து பழைய நிலைக்கு வந்துவிட்டது. அந்தக் காலத்தில் ஒருவருக்கும் புதிதாக வலிப்பு வரவில்லை.

ஆகஸ்டில் அமைச்சின் அறிக்கை அச்சாகி வந்தது. அதில் அவர்களுடைய தோட்டம் மூன்று பக்கம். இரட்டிப்பு அளவு நஞ்சு மகத்தான வெற்றி, புழு ஒழிந்தது, இதே முறையை மலைநாடு முழுவதும் நடைமுறைப்படுத்தலாம் என்றிருந்தது. உத்தரவுப்படி தெளித்தாயிற்று என்று பெரிய துரை மாதாமாதம் எழுதியனுப்பியிருக்கிறார். தெளிக்கவில்லை என்று எழுதினால் ஏன் என்று கேள்வி வருமே!

அன்றே ரயிலேறிக் கொழும்புக்குப் போனாள். சிவபாதத்தின் அறையில் இரண்டு மணி நேரம் காத்திருந்து, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கோப்பைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது உம்மட கையெழுத்துத்தானே?"

"ஓம்."

"தொழிலாளரின்ர ஆழ்ந்த சமய நம்பிக்கை எண்டு எழுதியிருக்கிறீர். இப்ப வந்து, அது நம்பிக்கை இல்லை, குளவிக்குச் செய்த ஏற்பாடு எண்டு சொல்லுறீர். அண்டைக்கு எழுதினது பொய்யோ, இண்டைக்குச் சொல்லுறது பொய்யோ?"

"அண்டைக்கு எழுதினதுதான் பொய்."

"அப்ப அரசாங்கத்துக்குப் பொய் எழுதின ஒரு உத்தியோகத்தர்" என்று அவர் பேனையைத் திறந்தார். "அப்பிடிப்பட்ட ஆளின்ர பேச்சைக் கேட்டு, அச்சடிச்ச அறிக்கையை மாத்தச் சொல்லுறீரோ?"

இந்த மனிதனை அவள் தன் வாழ்நாளில் ஒரு தடவைகூட மதித்ததில்லை. ஆனாலும் அவன் கையில் இருந்த ஆயுதம் அவளே எழுதிக் கொடுத்தது. வேலையிலிருந்து நீக்கிய கடிதம் அவள் திரும்புமுன்பே தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது வேலாயி வந்தாள். நடந்ததைக் கேட்டதும் அவள் முகம் சிவந்துவிட்டது.

"உண்மையச் சொல்லிட்டீங்களா? நல்லா இருக்கே! நாளைக்குப் பொலிசு வந்து கல்லப் புடுங்குனா யாரு பதில் சொல்றது? எங்களக் கேட்டீங்களா?"

"கல்லைப் பிடுங்க மாட்டினம். அது சமயம். அதில கை வைக்க அவையளுக்குப் பயம்" என்றாள் இராஜகுமாரி. "மற்றத் தோட்டங்களிலதான் அடிப்பினம். இரண்டு மடங்கு. அதை நிப்பாட்டத்தான் போனனான்."

"நீங்க கொழும்புல போயிப் பேசி நிப்பாட்டுனீங்களாக்கும்!" வேலாயி உதட்டைச் சுழித்தாள். "என் தங்கச்சி ராசம்மாவ றொசல்லப் பக்கந்தான் கட்டிக் குடுத்திருக்கு. போன மாசமே அங்க ஆறு முனி நட்டாச்சு. மாயாண்டி மாமாதான் போயிச் சேவல் அறுத்தாரு. டிக்கோயாவுல ரெண்டு தோட்டத்துல கேட்டு அனுப்பியிருக்காங்க."

இராஜகுமாரி நிமிர்ந்தாள். "றொசல்லயில புழு குறைஞ்சிட்டுதோ?"

"கொறையல. அதான் தெரியல. முனியக் குத்தஞ் சொல்றாங்க."

"கல்லை மட்டும் நட்டா எப்பிடிக் குறையும்? அங்க நாலு வருசம் அடிச்சதில குளவியே இருக்காது. கொண்டு போய் விட வேணும். கல்லு மருந்தைத்தான் மறிக்கும், புழுவைத் தின்னுமோ? இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ நீர்?"

"எனக்கென்ன தெரியும்? டாக்டரு நீங்கதானே!"

இராஜகுமாரி பெட்டியிலிருந்த புத்தகங்களை வெளியே எடுத்து வைத்தாள். இருவரும் ஏழாம் மலைக்கு ஏறி, வெள்ளைக் கூடு ஒட்டிய இலைகளைப் பறித்து, ஈரச் சாக்கைப் போட்டுப் போட்டுப் பெட்டியை நிரப்பினார்கள். மறுநாள் காலை நோர்வூட்டில் பஸ் பிடித்து ஹற்றன் ஸ்டேசனுக்குப் போனார்கள். யாழ்ப்பாணத்துக்கு எடுத்துவைத்திருந்த ரயில் சீட்டை இராஜகுமாரி அங்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, றொசல்லைக்கு மூன்றாம் வகுப்பில் இரண்டு சீட்டு வாங்கினாள்.

ரயிலில் எதிரே இருந்த ஒரு கிளார்க், பெட்டிக்குள் என்ன என்று கேட்டார்.

"சாமி சாமானுங்க" என்றாள் வேலாயி.

"குளவி" என்றாள் இராஜகுமாரி.

அவர் வேலாயியைத்தான் நம்பினார். பெட்டிமேல் கால் படாமல் பயபக்தியோடு தள்ளி உட்கார்ந்துகொண்டார். இராஜகுமாரி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாக்கு காய்ந்துவிட்டதா என்று மூடியைத் திறந்து கை வைத்துப் பார்த்தாள்.